டேலி கிளாஸுக்குப் பணம் கட்டும் முன்: வேலூர் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். வேலூரில் ஒரு சென்டரில் விசாரித்தோம். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி, ஜிஎஸ்டி, எக்செல், டைப்பிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் எல்லாம் சேர்த்து ஆறு மாத டிப்ளமா, 28,500 ரூபாய், வேலை கேரண்டி, இன்றைக்கே கட்டினால் 5,000 தள்ளுபடி என்கிறார்கள். அரசுப் பதிவுச் சான்றிதழும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கட்டலாமா? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள் அம்மா. அந்தத் தள்ளுபடி எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வாரம் போனாலும் அதே 5,000 அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

முதலில் சுவரில் இருப்பது என்ன சான்றிதழ் என்று கிட்டே போய்ப் படியுங்கள். பெரும்பாலும் உத்யம் பதிவாக இருக்கும், அதாவது சிறுதொழில் என்று ஆன்லைனில் பதிந்துகொண்டதற்கான தாள். மளிகைக்கடைக்காரரும் அதை வாங்கலாம். பக்கத்தில் ஐஎஸ்ஓ என்று இன்னொன்று தொங்கினால், அதுவும் நிர்வாக முறைக்கான சான்று. உங்கள் மகள் படிக்கப்போகிற கோர்ஸை அரசு அங்கீகரித்தது என்று இந்த இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது.

சரி, சான்றிதழை விடுங்கள், வேலை கொடுக்கிறவர் என்ன பார்ப்பார்? ஆடிட்டர் ஆபீஸோ, மண்டித் தெரு மொத்தக் கடையோ, சிஎம்சி பக்கம் இருக்கும் மருந்து ஏஜென்சியோ, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனியோ, எங்கே போனாலும் ஒரு கத்தை பில்லையும் ஒரு பேங்க் ஸ்டேட்மெண்டையும் கொடுத்து, உட்காரும்மா, என்ட்ரி போடு என்பார்கள். கத்தையில் சித்தூரிலிருந்து வந்த சரக்கின் பில் ஒன்று இருக்கும். விற்றவர் ஜிஎஸ்டி எண் 37-ல் ஆரம்பிக்கும், அது ஆந்திரா. நம்முடையது 33. அப்படியானால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி. ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்தால் 33-க்கு 33, ஆக மத்திய அரசின் சிஜிஎஸ்டி பாதி, மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி பாதி. இதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் போடுகிற பெண்ணுக்கு வேலை கிடைக்கும், டிப்ளமா ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான், அதற்குத் தேவை சொல்லித்தர ஆள், உட்கார சிஸ்டம், கையில் நிஜமான பில்கள்.

அதனால் ஒரு டெமோ கிளாஸ் கேளுங்கள், மகளையே சிஸ்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். எஃப்-5 அழுத்தி ஒரு பேமென்ட் வவுச்சர் திறந்து, தேதி 15 என்று அடிக்கட்டும். ஏற்க மறுத்தால் அது எஜுகேஷனல் மோடு, அதாவது லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கிற டேலி. அதில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி விழும். எஜுகேஷனல் மோடில் படிப்பது தப்பில்லை, கம்பெனியே அதை இலவசமாகத் தருகிறது, வீட்டு லேப்டாப்பில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் 7-ம் தேதி கொடுத்த செக் 12-ம் தேதி பாஸ் ஆனது என்று பேங்க் கணக்கைச் சரிபார்க்கிற வேலையை அதில் ஒழுங்காகப் பழக முடியாது. 'ஒரிஜினல் லைசென்ஸ்' என்று சொல்லிக் கூடுதல் ஃபீஸ் வாங்கிக்கொண்டு எஜுகேஷனல் மோடைத் திறந்து வைத்திருந்தால் அது ஏமாற்று. எல்லாத் தேதியும் ஏற்கிறதா, அப்போது எஃப்-1 ஹெல்ப்பில் 'அபவுட்' பக்கத்தில் லைசென்ஸ் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். கிராக் போட்ட காப்பியில் பாடம் நடத்துகிற சென்டர்களும் உண்டு.

அப்புறம் அவர்கள் தருகிற நோட்ஸைப் புரட்டுங்கள். டேலி பிரைம் 2020 கடைசியிலேயே வந்துவிட்டது, இன்னமும் அதற்கு முந்தைய டேலி ஈஆர்பி 9 படங்களை ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் செய்து கொடுக்கிறார்கள் என்றால் அந்த நோட்ஸுக்கு வயதாகிவிட்டது. ஜிஎஸ்டி வீதம் 5, 12, 18, 28 என்று நாலு படியாகப் போட்டிருந்தாலும் அதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 12-ம் 28-ம் பெரும்பாலான பொருள்களுக்குப் போய்விட்டன, இப்போது 5, 18, சிலவற்றுக்கு 40. ஆசிரியரிடம், "எடிட் லாக்னா என்ன சார்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடயம் அழியாத சாஃப்ட்வேரில்தான் கணக்கு எழுத வேண்டும், டேலியில் அந்தத் தடயத்துக்குப் பெயர்தான் எடிட் லாக். இது தெரியாதவர் கொஞ்ச நாளாக ஆபீஸ் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

ஆறு மாதம் என்பதையும் மணிக்கணக்கில் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் என்றால் உங்கள் மகளுக்குக் கிடைப்பது அரை மணி. என் கணிப்பில் பி.காம். படித்த பெண்ணுக்கு டேலியும் ஜிஎஸ்டியும் எக்செல்லும் இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற விஷயம். பற்று வரவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் காலேஜிலேயே படித்தாகிவிட்டது. ஸ்போக்கன் இங்கிலீஷை ஒட்டுவது ஃபீஸை வீங்க வைக்கத்தான், அதைக் கழித்துவிட்டு எவ்வளவு என்று கேளுங்கள், மடமடவென்று இறங்கி வருவார்கள்.

வேலை கேரண்டியை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த மாதிரி வேலை, எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள். வேலை நிச்சயம் என்று கோச்சிங் சென்டர்கள் பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளே போட்டிருக்கிறது. எழுதிக் கேட்டதும் பேச்சு 'கேரண்டி'யிலிருந்து 'அசிஸ்டன்ஸ்', அதாவது வேலை தேட உதவி மட்டும், என்று மாறினால் புரிந்துகொள்ளுங்கள். ஃபீஸுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி கேட்டால், ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் வேண்டும். எண் இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. கணக்கு சொல்லித் தருகிற இடத்தில் ஒழுங்கான பில் இல்லை என்பது தமாஷ்தான், ஆனால் நடக்கிறது.

கேள்வி: கம்ப்யூட்டர் அக்கவுண்டிங் கோர்ஸ் சேர்ந்தேன். ஃபீஸை இஎம்ஐ போட்டுத் தருகிறோம் என்று போனிலேயே ஓடிபி வாங்கினார்கள், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி லோன் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் மாதமே சார் நின்றுவிட்டார், இப்போது வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். பணம் கேட்டால் 'கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள். என் பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடம்தான். (இளைஞர், ஆற்காடு)

பதில்: தம்பி, முதல் வேலை மார்க் ஷீட். சண்டை ஆரம்பிக்கும் முன் அதைக் கையில் வாங்குங்கள், இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்லியாவது. தனியார் சென்டர் ஒரிஜினலைப் பிடித்து வைக்க எந்த உரிமையும் இல்லை. தர மறுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்.

'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள சேவையை நிறுத்திவிட்டுப் பணத்தைத் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பல்கலைக்கழகம், கல்லூரி என்றால் நுகர்வோர் வழக்கில் சிக்கல் வரும், கோச்சிங் சென்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையமே 2020-ல் சொல்லியிருக்கிறது.

என்ன சொல்லிச் சேர்த்தார்கள், எந்தத் தேதி முதல் ஆசிரியர் இல்லை, நடந்த கிளாஸ் எத்தனை, திரும்ப வேண்டிய தொகை எவ்வளவு, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், பதினைந்து நாள் கெடு கொடுங்கள். சென்டரின் விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ், வீடியோ ஓடுகிற கிளாஸ் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதியுங்கள், பல சென்டர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே போடலாம், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாகவும் தாக்கல் செய்யலாம்.

லோன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கோபத்தில் பேங்கில் பணம் இல்லாமல் வைத்தால் பவுன்ஸ் சார்ஜ் ஏறும், சிபில் ஸ்கோர் கெடும், சென்டர்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் மொத்தப் பணத்தையும் என்றோ வாங்கிவிட்டார். ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள்: சேவை நின்றுவிட்டது, லோன் என்று சொல்லாமல் ஓடிபி வாங்கப்பட்டது, ஒப்பந்த நகல் வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், விவரம் கேட்க 14448. நுகர்வோர் மனுவில் அந்தக் கம்பெனியையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்து, இஎம்ஐ பிடித்தத்தை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கிளாஸ் ஃபீஸை மாதாமாதம் சென்டரிலேயே கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஓடிபி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ப்ளஸ் டூ படித்திருக்கிறேன், வயது 34. குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்கு முயற்சி செய்ய ஆசை. அதற்கு டிசிஏ என்கிற கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தால் போதும் என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். செலவில்லாமல் படிக்க வழி உண்டா? (காட்பாடி)

பதில்: போதாது. அந்த வேலைக்குக் கேட்பது தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வு, தமிழிலும் இங்கிலீஷிலும். அதில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை, ஒரு மொழியிலாவது ஹையர் வேண்டும். இரண்டிலும் ஹையர் என்றால் முன்னுரிமை. கம்ப்யூட்டர் சான்றிதழும் அதே இயக்ககம் தருகிற சிஓஏ, அதாவது ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ். அதை எழுத பத்தாம் வகுப்பும் டைப்பிங் லோயர் தேர்ச்சியும் வேண்டும். தனியார் டிசிஏ, ஹெச்டிசிஏ எதுவும் இதற்கு ஈடாகாது. அதனால் பழைய டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டைத் தேடிப் போங்கள், இயக்கக அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் என்றால் அரசு ஐடிஐயில் கோபா என்று ஒரு வருட கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு உண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. எந்த ஐடிஐயில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் கேளுங்கள். கிராமப்புறத்தவர் என்றால், வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தையும் விசாரிக்கலாம், சாப்பாடு உட்பட இலவசம், கம்ப்யூட்டர் அக்கவுண்டிங் பேட்ச் எப்போது என்று கேட்டுப் பேரைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: டேலி பழக சென்டரே காம்போவில் லேப்டாப் தருகிறதாம். வாங்கலாமா? (வாலாஜா)

பதில்: வேண்டாம். அதே மாடல் கடையில் என்ன விலை என்று பார்த்தாலே தெரியும். டேலிக்குப் பெரிய மெஷின் தேவையில்லை, விண்டோஸ் இருந்தால் சரி, குரோம்புக் மட்டும் வாங்கிவிடாதீர்கள். எட்டு ஜிபி ராம் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பை வாரண்டியோடு வாங்கலாம். 14 இன்ச் லேப்டாப்பில் பெரும்பாலும் வலது பக்க நம்பர் பேட் இருக்காது, கணக்கு வேலைக்கு அதுதான் முக்கியம், அதனால் நம்பர் பேட் உள்ள யுஎஸ்பி கீபோர்டு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.