கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெய்கிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரவானால் இரண்டு பாதங்களும் காந்துகின்றன; போர்வை பட்டால்கூடத் துடிக்கிறார். ஈரோட்டில் பார்த்த மருத்துவர் டுலாக்செட்டின் 30 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அது செரோட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்து என்று மகன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். அன்று முதல், "எனக்கென்ன மனசு சரியில்லையா?" என்று இவர் சாப்பிட மறுக்கிறார். கால் வலிக்கும் இதற்கும் என்னங்க சம்பந்தம்?

பதில்: தங்கள் மகன் படித்தது சரிதான் அம்மா, ஆனால் அது பாதிச் செய்தி. அமெரிக்காவில் இம்மருந்துக்கு மனச்சோர்வுக்காகவும் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்காகவும் ஒப்புதல் கிடைத்தது ஒரே ஆண்டில், 2004இல். மனச்சோர்வு இல்லாத நோயாளிகளிடமும் இது வலியைக் குறைக்கிறது. எனவே தங்கள் கணவரின் மனநிலையைப் பற்றி அந்த மருத்துவர் எந்த முடிவுக்கும் வந்துவிடவில்லை.

பாதத்தில் கிளம்பும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. முதலில் தண்டுவடத்தின் பின்பகுதியில் உள்ள நரம்பணுக்களிடம் வந்து சேர்கிறது. அதில் எவ்வளவை மேலே விடுவது என்பது அங்கேதான் பெருமளவு முடிவாகிறது. கீழ்பவானி வாய்க்காலின் மதகைப் போன்றது அந்த இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மதகை இயக்கும் கட்டளை நடுமூளையில் தொடங்கி, முகுளத்தில் உள்ள நரம்பணுத் தொகுதிகள் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கி வருகிறது. நடுமூளையின் அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டினால் மயக்க மருந்தின்றியே எலிகளுக்கு அறுவை செய்ய முடிகிறது என்று டேவிட் ரெனால்ட்ஸ் 1969இல் காட்டினார். இறங்கி வரும் இந்தக் கட்டளையைக் கொண்டு சேர்க்கும் வேதிப்பொருள்களில் முக்கியமானவை இரண்டு: செரோட்டோனின், நார்அட்ரினலின்.

செரோட்டோனினைக் கூட்டினாலே வலி அடங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதன்று. தண்டுவடத்தில் அது போய் ஒட்டும் இடங்கள், அதாவது ஏற்பிகள், பல வகை உள்ளன. சில வகைகளில் போய் ஒட்டினால் வலிச் செய்தி அடங்குகிறது. வேறு சிலவற்றில், குறிப்பாக மூன்றாம் வகை ஏற்பியில், ஒட்டினால் வலி கூடவும் செய்யலாம். நாள்பட்ட நரம்பு வலியில் இந்த இரண்டாவது போக்கு ஓங்கிவிடக்கூடும் என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. செரோட்டோனினை மட்டும் கூட்டும் எஸ்சிட்டாலோபிராம் போன்ற மருந்துகள் நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை நார்அட்ரினலினையும் சேர்த்துக் கூட்டுவதால் கேட்கின்றன. வலியை அடக்குவதில் பெரும்பங்கு நார்அட்ரினலினுக்குத்தான் என்பது என் கருத்து. (செரோட்டோனினுக்காக வாழைப்பழம் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பழத்தில் அது இருப்பது உண்மைதான். ஆனால் இரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அதனால் கடந்து போக முடியாது. சர்க்கரைதான் ஏறும்.)

கேப்சூலைப் பிரிக்காமல், உணவுக்குப் பின் முழுதாக விழுங்கச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் குமட்டல், வாய் வறட்சி, தூக்கக் கலக்கம் வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், அளவை 60 மில்லிகிராமாக உயர்த்த வேண்டியும் வரலாம். எல்லோருக்கும் இது கேட்பதில்லை, கேட்காவிட்டால் மாற்று மருந்துகள் உண்டு. கல்லீரல் நோய், கடுமையான சிறுநீரகப் பாதிப்பு, கண் அழுத்த நோய், மதுப்பழக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இம்மருந்து வலியைத்தான் குறைக்கும். கெட்டுப்போன நரம்பைச் சீராக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், தறியில் உட்காரும் முன்னும் எழுந்த பின்னும் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதனால் குறைந்துவிடக் கூடாது.

வலி பொறுக்காமல் மருந்துக்கடையில் டிரமடால் என்ற வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி இதோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து. அதுவும் செரோட்டோனினைக் கூட்டும் மருந்துதான். இரண்டும் சேர்ந்து கை நடுக்கம், மிகுந்த வியர்வை, காய்ச்சல், பதற்றம், தசை துள்ளல் ஆகியவை தோன்றினால், விடியும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.