வாசகர் கேள்வி – பதில்: பலகைப்பாதையும் பழைய கடற்கரை ஓட்டல்களும்

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரைப் படங்கள் சென்ற இதழில் இரண்டு பக்கம் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, பூவார் வரையிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் அந்த ஊரைப் பற்றி ஆரம்பித்து, இரண்டாம் பத்தியில் சொந்த வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டார்கள். உப்புக்காற்று அங்கும் இங்கும் செய்யும் வேலை ஒன்றுதான் என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே பதில்.

மணலில் நடக்கத்தானே கடற்கரைக்குப் போகிறோம்? அங்கே எதற்கு மைல் கணக்கில் பலகை போட்டார்கள்?
– வாசகர், களியக்காவிளை

மணலுக்குப் பயந்துதான். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு 1854ல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகே அட்லாண்டிக் சிட்டி சுற்றுலா ஊரானது. வந்தவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டு, அதே காலோடு ஓட்டல் கம்பளத்திலும் ரயில்பெட்டி மெத்தையிலும் ஏறினார்கள். கூட்டிப் பெருக்கி அலுத்துப்போன இரண்டு பேர், ரயில் கண்டக்டர் அலெக்ஸாண்டர் போர்ட்மனும் ஓட்டல்காரர் ஜேக்கப் கைமும், இதற்கொரு வழி செய்யும்படி நகரசபையை வற்புறுத்தினார்கள். 1870 ஜூன் 26ல் முதல் பாதை திறந்தது. நீளம் ஒரு மைல், அகலம் எட்டடி அளவு. இன்று நடப்பது இதைவிடப் பல மடங்கு அகலமான பாதையில்.

முக்கியமான விஷயம், அது 12 அடித் துண்டுகளாகச் செய்யப்பட்டிருந்தது. சீசன் முடிந்ததும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். பிறகு வந்தவை நிரந்தரமாக நின்றன, புயலில் போகவும் செய்தன. 1889 புயல் ஒன்றைத் துடைத்துக்கொண்டு போனது. 1896ல்தான் எஃகுத் தாங்கிகளின் மேல் பலகை ஏறியது.

மோனோபோலி ஆட்டத்தில் வரும் போர்ட்வாக், பார்க் பிளேஸ் எல்லாம் நிஜத் தெருக்களா?
– மாணவி, மார்த்தாண்டம்

ஆம், 1935ல் வெளியான அமெரிக்கப் பலகையில் இருப்பது அட்லாண்டிக் சிட்டித் தெருக்கள்தான். 400 டாலர் விலையுள்ள போர்ட்வாக் மேலே சொன்ன பலகைப்பாதை. மார்வின் கார்டன்ஸ் என்று அச்சானது மட்டும் எழுத்துப்பிழை. அது பக்கத்து ஊரான மார்கேட்டில் உள்ள மார்வென் கார்டன்ஸ்.

கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியில் அட்லாண்டிக் சிட்டி அஞ்சலட்டைகள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. எந்த வருஷத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில அட்டைகள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.
– வாசகர், நாகர்கோவில்

படத்தைப் பார்க்கும் முன் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே என்றிருந்து, சேதி படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதப்பட்டிருந்தால், அட்டை 1907 மார்ச்சுக்கு முந்தியது. அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் பின்பக்கத்தை நடுவில் பிரித்துச் சேதியும் எழுத அமெரிக்க அஞ்சல்துறை விட்டது. படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை இருந்தால் ஏறக்குறைய 1915 முதல் 1930 வரை. விரலால் தடவும்போது துணி நெசவுபோல் சொரசொரத்தால் 1930 முதல் 1945 வரை. வழவழப்பான வண்ணப்படம் என்றால் பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. தபால் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அது அனுப்பிய நாளைத்தான் சொல்லும். அட்டை கடையில் ஐந்து வருஷம் தொங்கியிருக்கலாம்.

அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி. புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் நீர்போல் ஓடினால் அது நிஜப் புகைப்படம், பத்திரப்படுத்த வேண்டியது.

பிறகு கட்டடங்கள். ப்ளென்ஹைம் ஓட்டலின் குவிமாடம் தெரிந்தால் படம் 1906க்கு முந்தியதாக இருக்க முடியாது. ட்ரேமோர் ஓட்டலின் பெரிய கான்கிரீட் கட்டடம் முழுசாக இருந்தால் 1915க்கும் 1972க்கும் நடுவில். இந்த இரண்டை வைத்தே பாதி அட்டைகளுக்குக் காலம் சொல்லிவிடலாம்.

ஒட்டியவற்றை இழுக்கவும் வேண்டாம், தண்ணீர் தொடவும் வேண்டாம். ஆல்பத் தாளை அட்டையைச் சுற்றிக் கத்தரித்து, தாளோடு சேர்த்தே வையுங்கள். உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் உறை பி.வி.சி., அது சில வருஷத்தில் படத்தோடு ஒட்டும். லாமினேஷன் கூடவே கூடாது. காற்றுப் புகாத பத்து லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் புதுசு மாற்றுங்கள். நாகர்கோவில் ஈரத்துக்கு இது ஆடம்பரம் இல்லை. குறிப்பெழுத 2பி பென்சில் மட்டும்.

அத்தனை பெரிய ஓட்டல்களை ஏன் இடித்தார்கள்? அரித்துப் போயிற்றா?
– வாசகர், தக்கலை

அரிப்பு உண்டு, ஆனால் அதுவே காரணம் இல்லை. அந்த ஓட்டல்கள் ரயிலில் வந்து ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கும் குடும்பங்களுக்காகக் கட்டியவை. பெரிய சாப்பாட்டுக் கூடம், கடலைப் பார்த்த வெயில் தாழ்வாரம், சின்னச் சின்ன அறைகள். போருக்குப் பிறகு கார் வந்தது. வந்தவர் சாயங்காலமே திரும்பினார். கொஞ்சம் பணமுள்ளவர் விமானமேறி ஃப்ளோரிடா போனார். வீட்டிலேயே குளிர்சாதனம் வந்தபின் கடல்காற்றுக்காகச் செலவழிப்பவரும் குறைந்தார். காலி அறைக்கும் ஜன்னல் அடைப்பு, பெயின்ட், குழாய் மாற்றம் உண்டு. ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் இரட்டைச் செலவு. 1964ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்து தங்கி, பார்த்த சீரழிவை நாடு முழுக்க எழுதிவிட்டார்கள்.

ட்ரேமோர் 1972ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1976ல் சூதாட்டத்துக்கு மக்கள் வாக்களித்தபோது பழைய ஓட்டல்கள் பிழைக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் காஸினோ நடத்தக் குறைந்தது 500 அறை, அறைக்கு இன்ன அளவு என்று சட்டம் சொன்னது. பழைய சின்ன அறைகளைத் தட்டிச் சேர்ப்பதைவிட இடித்துக் கட்டுவது லாபமாகிவிட்டது. மார்ல்பரோ-ப்ளென்ஹைம் 1978ல் போயிற்று. அதே வருஷம் மே மாதம் முதல் காஸினோ திறந்தது ஹாடன் ஹால் என்ற பழைய ஓட்டலுக்குள். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, தோற்றம்தான் பழையது இல்லை.

குளியல் அறையில் நான்கு குழாய் இருந்ததாமே?
– வாசகி, திங்கள்சந்தை

இருந்தது. நல்ல தண்ணீரில் சூடும் குளிரும், கடல்நீரில் சூடும் குளிரும். கடல்நீர்க் குளியல் உடம்புக்கு நல்லதென்று டாக்டர்களே எழுதிக் கொடுத்த காலம். இங்கே யாரும் ஆசைப்பட்டுச் செய்ய வேண்டாம். உப்புநீரில் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும், குழாயின் வடிவம் அப்படியே நிற்க, உள்ளே செம்பு பஞ்சாகிப் போகும். திருகும்போது கையோடு வரும்.

பூவார் கடப்புறத்தில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். வாசலிலிருந்து மணல்வரை அந்த ஊர் மாதிரி சாய்வுக் கட்டமாக, அதாவது பலகைகளைக் குறுக்கே நேராக வைக்காமல் சாய்த்து அடுக்கி, பலகைப்பாதை போட ஆசை. அயனி மரம் கைவசம் உண்டு.
– வாசகர், பூவார்

மரத்தை அறுக்கும் முன் கடலோர மேலாண்மை ஆணையத்திடம் கேளுங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம், சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) விதியில் எந்த வகை என்பது தெரியாமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

அனுமதி கிடைத்தால், அயனி நல்ல தேர்வு. பலகை 38 மிமீ கனம், 150 மிமீ அகலம். அடியில் தாங்கும் சட்டங்களை 40 செமீ இடைவெளியில் வைப்பது நேர்ப்பலகைக்குச் சரி. 45 டிகிரி சாய்வாகப் போட்டால் அதே இடைவெளி பலகையின் நீளவாக்கில் 57 செமீ ஆகிவிடும், கால் வைத்தால் தணியும். அதனால் சட்டங்களை 28 முதல் 30 செமீக்குக் கொண்டுவாருங்கள். சாய்வுக் கட்டம் கேட்கும் அதிக மரம் இங்கேதான் போகிறது, ஓரம் வெட்டுவதில் வீணாவதும் தனி. உண்மையைச் சொன்னால் நாலடிப் பாதைக்கு நேர்ப்பலகையே அழகு. சாய்வுக் கட்டம் எடுப்பாகத் தெரிய அகலம் வேண்டும்.

பலகைக்குப் பலகை 6 மிமீ சந்து. மாசி, பங்குனியில் காய்ந்த பலகை மழையில் 2 முதல் 4 மிமீ வீங்கும். சந்து விடாமல் நெருக்கினால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பத்தே நாளில் நடுவில் கூனும். சந்தில் மணல் அடைந்தாலும் இதே கதைதான், ஈரம் நின்று ஓரம் உளுக்கும். வாரம் ஒருமுறை மெல்லிய தகட்டால் கீறி விடுங்கள்.

திருகாணி 316 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு, 90 மிமீ. கடையில் 304 வகையை எடுத்து நீட்டி ‘இதுவும் ஸ்டெயின்லெஸ்தான்’ என்பார்கள். கடலோரத்தில் அதில் தேநீர்க் கறைபோல் படர்ந்து குழி விழும். துத்தநாகம் பூசிய வாஷரோடு கலக்காதீர்கள், துத்தநாகம் முதலில் தின்னப்படும். முன்துளை போட்டே திருகுங்கள். பலகை முனையிலிருந்து 25 மிமீக்கு உள்ளே. இல்லையென்றால் முனை பிளக்கும். வெட்டிய முனைகளில் மெழுகோ பெயின்டோ அன்றைக்கே தடவுங்கள், நீர் அதிகம் குடிப்பது அங்கேதான். மணலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு அடி காற்று ஓடட்டும்.

எல்லாவற்றையும்விட, 1870ல் செய்ததைச் செய்யுங்கள்: துண்டு துண்டாக. மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்றால் சட்டத்தோடு 110 கிலோவுக்கு மேல் வரும். ஆறு பேர் தூக்கலாம். மழை தொடங்கும் முன் கழற்றித் தோப்புக்குள் அடுக்கிவிட்டால் கள்ளக்கடல் வந்தாலும் போவது மணல் மட்டும். கள்ளக்கடலுக்குக் காற்றோ மழையோ முன்னறிவிப்பாக வராது, தூரத்துக் கடலில் பிறந்த அலை வெயில் அடிக்கும்போதே ஏறும். அன்றைக்குப் பார்த்துக் கழற்றலாம் என்ற கணக்கு உதவாது.

குளச்சலில் எண்பது வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. பத்து வருஷம் முன் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். இப்போது கீழே மூன்றடி உப்பி உதிர்கிறது. மறுபடி சிமென்டா, டைல்ஸா?
– வாசகி, குளச்சல்

இரண்டும் வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவருகிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வெளியே ஆவியாகி, உப்பு மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், துடைப்பத்தால் தட்டினால் போகும். சிமென்டும் எமல்ஷனும் வழியை அடைத்தால் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வளர்ந்து தள்ளுகிறது. டைல்ஸ் ஒட்டினால் ஈரம் இன்னும் மேலே ஏறி நாலாவது அடியில் உப்பும்.

ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் அரை மீட்டர்வரை சிமென்டைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை 15 முதல் 20 மிமீ ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கொத்தனார் இதைத்தான் முதலில் செய்வார், நின்று தடுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்து விடுங்கள். அவசரமாகப் பூசியதால் கெட்ட சுவர்கள்தான் அதிகம்.

பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்றுமணல். சுண்ணாம்பு நீற்றி மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறியிருக்க வேண்டும். சரியாக நீறாத கட்டி சுவரில் ஏறியபின் நீறி, பரு பருவாகத் தெறிக்கும். மணலில் ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள், கரித்தால் திருப்பி அனுப்புங்கள். முதல் பூச்சு 12 மிமீ, ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அடுத்து 8 மிமீ. மேலே சுண்ணாம்பு வெள்ளை, தண்ணீர்போல் நாலைந்து தடவை. இந்தப் பூச்சும் சில வருஷத்தில் உப்பைக் குடித்து உதிரும். சுவருக்குப் பதில் உதிரத்தான் அது இருக்கிறது, மறுபடி பூசுவீர்கள்.

திருவனந்தபுரம் வலியதுறைக் கடல்பாலம் கான்கிரீட்தானே, அது ஏன் போயிற்று?
– வாசகர், பாறசாலை

பழைய இரும்புப் பாலத்தில் 1947ல் கப்பல் மோதிய பிறகு, 1956ல் வந்தது இந்தப் பாலம். 2021 கடல்சீற்றத்தில் அதன் ஒரு பகுதி கீழே தாழ்ந்தது. பொதுவாகக் கடலில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எமன், அலை தெறித்து நனைந்து காயும் பட்டை. முழுக்க மூழ்கிய பகுதியில் ஆக்சிஜன் குறைவு, கம்பி மெதுவாகத்தான் துருவேறும். தெறிப்புப் பட்டையில் உப்பும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கின்றன. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, அலையேற்றப் பகுதியில் எம்40 என்ற வலுத்தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 75 மிமீ மூடலும் கேட்கிறது. கடற்கரையில் வீடு கட்டுபவர்கள் தூணுக்கு 45 மிமீக்குக் குறையாமல் விடுங்கள். கம்பிக்கு அந்த இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் கட்டையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

நம் பக்கம் அந்த மாதிரி ஓட்டல் உண்டா?
– வாசகர், கொல்லங்கோடு

கோவளம் குன்றின் மேல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்காக 1932ல் எழுந்த ஹால்சியன் மாளிகை இருக்கிறது. அதே இடத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஓட்டல், அறைகளைக் குன்றின் சரிவில் படிப்படியாக இறக்கிவிட்டிருக்கும். குன்றை மறைக்காமல் கட்டியது அது. அட்லாண்டிக் சிட்டியில் மறைக்கக் குன்றே கிடையாது.

படத்தில் ஒரு குதிரை கடலில் குதிக்கிறதே, நிஜமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், குழித்துறை

நிஜம்தான். கடலில் இல்லை, ஸ்டீல் பியர் பாலத்தின் மேல் வைத்த தொட்டியில். சுமார் 40 அடி உயரத்திலிருந்து, முதுகில் ஒரு பெண்ணோடு. சொனோரா வெப்ஸ்டர் என்பவர் 1931ல் அப்படிக் குதித்தபோது தண்ணீரில் முகம் மோதிக் கண்பார்வை போயிற்று. அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் குதித்தார்.