வழியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் 10 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பைக்கில் தனியாக, நெடுஞ்சாலையைத் தொடாமல், சின்னச் சின்ன ஊர்கள் வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். என் 150 சிசி வண்டி இதற்குப் போதுமா, பெரிதாக ஒன்று வாங்க வேண்டுமா? நான் கூச்ச சுபாவம் உள்ளவன். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது ஆனால் வழியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். பைக் பயணம் என்று பேச்செடுத்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நாளாக இதுவே மனசில் உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பார்த்துக்கொள்வார்கள், உண்மைதான். ஓரமாக வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரைத் தாண்டிப் போக மனசு வராதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நீங்கள் வீட்டில் பத்து நிமிஷத்தில் முடித்திருக்க வேண்டிய வேலைக்காக அவர்களுடைய அரை நாள் பிழைப்பைக் கெடுக்க உங்களுக்கு என்ன உரிமை? வேலைக்குக் கிளம்பியவர் அதை விட்டுவிட்டு உங்களுக்காக மெக்கானிக்கைத் தேடி அலைவார். அந்த நல்ல மனசை ஸ்பேனர் செட்டுக்குப் பதிலாகக் கணக்கில் எழுதிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

150 சிசி போதும். புது வண்டிப் பேச்சை விடுங்கள். சின்ன ஊர்ப் பட்டறைகளில் உங்கள் வண்டியைப் போல நிறைய பார்த்திருப்பார்கள். கேபிளும் பிளக்கும் பிரேக் ஷூவும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

400 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம். ஊருக்கு ஊர் வேகம் குறைத்து, குழிக்குக் குழி கியர் மாற்றிப் போகும் சாலையில் நிறுத்தங்களையும் சேர்த்தால் மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான் சராசரி வரும். நீங்கள் போட்ட கணக்குக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மணி நேரம் இருட்டில். மண் குவியலும் விளக்கில்லாத வண்டியும் குறுக்கே வரும் மாடும் பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஊர் போய்ச் சேரும்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். யாரோடு பேசப் போகிறீர்கள்? 200 போதும். வெளிச்சம் மங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கூச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வழி கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும். எஞ்சினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், பிறகு கேளுங்கள். முகம் தெரியாமல், ஆக்சிலேட்டரை முறுக்கியபடி கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றாது. "இந்த ரோடு அந்த ஊருக்குப் போகுமா?" என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் கோணக்கூடாதென்று "போகும், போகும்" என்றுவிடுவார்கள். "அந்த ஊருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். தூரத்தைக் கேட்பதைவிட, பைக்கில் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பது பலன் தரும். நேரத்தைச் சொல்லும்போதே சாலையின் லட்சணமும் வெளியே வந்துவிடும். அடுத்த திருப்பத்தில் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எல்லாம் கடைசியில், சம்மதம் கேட்டு.

இனி செயின். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. தெரிந்துகொள்ளாமலே கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அதுதான் கோபம். எல்லாவற்றையும் கற்க வேண்டாம், செயினை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். அது வெளியே தெரிகிறது, தினமும் தேய்கிறது, அறுவதற்கு முன் பல நாள் அறிகுறி காட்டுகிறது.

முதலில் லூஸ். நியூட்ரலில் வைத்து, செயின் ஓடும் இரண்டு பற்சக்கரங்களுக்கும் (ஸ்ப்ராக்கெட்) நடுவே கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலே தூக்கிக் கீழே அழுத்துங்கள். அது அசையும் மொத்தத் தூரத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். உங்களுடையது மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை சொல்லியிருப்பார்கள். சரியான எண்ணும், சைடு ஸ்டாண்டில் அளப்பதா சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா என்பதும் கையேட்டில் இருக்கும். ஓர் இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கையால் உருட்டி நாலைந்து இடத்தில் பாருங்கள். செயின் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமாக இருக்கும் இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தப்பு, "நீளப் பயணம், கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்" என்று முறுக்கிவிடுவது. நீங்கள் ஏறி உட்கார்ந்து மூட்டையும் கட்டினால் பின்பக்கம் அமுங்கும். முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அசையும் மூட்டு (பிவட்), பின்சக்கர அச்சு (ஆக்சில்) மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் உச்சபட்சமாக இழுபடும். நிற்கும்போதே லூஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசியும், பிறகு பேரிங் ஊளையிடும். அதைச் சாலையோரத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். லூஸ் அளவுக்கு மீறினாலோ ஸ்ப்ராக்கெட்டை விட்டு நழுவும். ஓட்டத்தில் நழுவினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், எஞ்சின் கேஸே உடையலாம்.

சரிசெய்யும்போது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலை நகர்த்தும் இரண்டு பக்கத் திருகையும் (அட்ஜஸ்டர்) கால் சுற்றாக, சமமாகத் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே அளவுக்கோட்டில் நிற்காவிட்டால் சக்கரம் கோணிக்கொண்டு ஸ்ப்ராக்கெட் ஒரு பக்கமாகத் தேயும். நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளக்கத் தவறாதீர்கள், முறுக்கும்போதே அளவு மாறிவிடும். நட்டு கழலாமல் இருக்கக் குத்தும் காட்டர் பின் இருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால் சக்கரம் பின்னால் நகர்ந்த அளவுக்கு பிரேக் ராடு இழுபட்டு பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். அதையும் தளர்த்துங்கள்.

ஓ-ரிங் செயினில் கண்ணிகளை இணைக்கும் பின்களைச் சுற்றிக் கிரீஸை வைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பரைக் கெடுக்கும். மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷும் போதும், பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். செயின் லூப் (செயினுக்கான மசகு ஸ்பிரே) அடிப்பதற்கு நல்ல நேரம் அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போது. ராத்திரி முழுக்க ஊறும். உட்பக்கத்தில் அடித்தால் சுழற்சியில் வெளிப்பக்கத்துக்குப் பரவும். லூப் இல்லையென்றால் 90 கிரேடு கியர் ஆயில். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்துக் கற்காதீர்கள். விரல் போய்விடும், நண்பரே. சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள்.

தேய்மானம் தெரிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. பற்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தாலும் அப்படியே. செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள், தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் தின்றுவிடும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கம்தான். டயர் காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். புது கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிட்டால், பழையது வழியில் அறுந்தாலும் அங்கேயே இரண்டு முனையை மாற்றினால் போதும். கனமான மூட்டை பின் ஆக்சிலைத் தாண்டித் தொங்கினால் ஹேண்டில் ஆடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி நின்றால் உதவி கேட்கக் கூசாதீர்கள். எது எப்போது நின்றது, நீங்கள் எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது டார்ச்சைப் பிடியுங்கள், கழற்றிய நட்டுகளை வரிசையாக வையுங்கள், கூலியை நீங்களே கேட்டுக் கொடுங்கள். கூச்சமெல்லாம் அப்போது போயே போய்விடும்.

பூட்டு லிங்க் (கிளிப்பால் பூட்டிக் கழற்றும் இணைப்புக் கண்ணி) வைத்த செயினாக இருந்தால் உபரி லிங்க் ஒன்றைப் பையில் போடுங்கள். செயினின் பக்கத் தகட்டில் 428 என்றோ 520 என்றோ பொறித்திருக்கும், அதே எண்ணில்தான் வாங்க வேண்டும். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செட்டை மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அதை உள்ளூரில் ஓட்டித் தீர்த்து, லூஸை அளந்து, எத்தனை மி.மீ. இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு கிளம்பலாம்.

அன்புடன்.