கேபிள் இழுக்கிறவனா நீ?

வணக்கம் அக்கா. வயது 27. பட்டர்வொர்த்தில் ஒரு சப்கோனிடம் (துணை ஒப்பந்தக்காரர்) ஆறு வருடமாக ஃபைபர் கேபிள் வேலை. ஸ்பிளைசிங், அதாவது நார்களை இணைப்பது, நன்றாக வரும். இணைப்பு கொடுக்கும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சிங்கப்பூர் போகலாமா, ஐடி டிப்ளோமா படிக்கலாமா? கேபிள் இழுக்கிறவனுக்கு இதில் மேலே போக வழி உண்டா? அம்மா இதை ஒரு வேலையாகவே மதிப்பதில்லை.

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூர் உன் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. டிப்ளோமா பிறகு பார்க்கலாம். அம்மா பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ இடுப்பு வலியோடு வந்து படுப்பதைப் பார்க்கிறவர் அவர்.

ஆனால் 'கேபிள் இழுக்கிறவன்' என்று நீயே எழுதலாமா? 125 மைக்ரான் கண்ணாடி நார், அதன் நடுவில் ஒளி போக 9 மைக்ரான் பாதை. அதைக் கொளுத்தும் வெயிலில் வேனுக்குப் பின்னால் குந்தி இணைக்கிற கை உன்னுடையது.

என் அப்பா ஜார்ஜ்டவுனில் செம்புத் தொலைபேசிக் கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டர். மேன்ஹோலுக்குள் இறங்கி, காகிதம் சுற்றிய கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து முறுக்குவார். கடைசியில் உருகிய ஈயத்தைத் துணியால் வழித்து இணைப்பை மூடுவார். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. புதுப் பையன்கள் அவரிடம்தான் தொழில் கற்றார்கள். சூப்பர்வைசர் பதவி வந்தபோது சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை. அவரிடம் கற்ற ஒருவருக்கே பதவி போனது. அப்பா வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: ஆறு வருட வேலைக்கு உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? வேலை முடித்த போட்டோவை வாட்சாப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்புகிறாய், போன் நிறைந்ததும் அழித்துவிடுகிறாய். அப்படித்தானே?

எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு வகுப்பில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. பிபிடி என்ற வழியில், செய்த வேலையையே கோப்பாக்கிக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். மூன்றாம் நிலைக்கு மேலே நான்கும் ஐந்தும் டிப்ளோமா நிலைகள். உன் வேலைக்கு எந்த நிலை பொருந்தும் என்று திறன் மேம்பாட்டு இலாகாவில் நேரில் போய்க் கேள்.

இன்றிலிருந்து கோப்பு போடு. இணைப்புகளை வைத்து மூடும் பெட்டியான குளோஷரை, மூடுமுன் படம் எடு. ஸ்பிளைஸ் இழப்பு, அதாவது இணைப்பில் குறையும் ஒளி, எத்தனை டெசிபல் என்று தேதியோடு எழுது. வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் வேண்டாம். நாருக்குள் ஒளி அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் மெஷினின் வரைபடத்தைச் சேமி. சேமித்தால் போதாது, வாசிக்கவும் கற்றுக்கொள். 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் சாதுவாக இருக்கும் ஓர் இடம் 1550-இல் பெரிய இழப்பு காட்டினால், நார் அங்கே மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பு என்றால் ஸ்பிளைஸைச் சந்தேகப்படு. இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவனைத்தான் டெஸ்டிங்குக்கும், அப்புறம் சூப்பர்வைசர் வேலைக்கும், டேட்டா சென்டருக்கும் தேடுவார்கள். ஓடிடிஆர் மெஷினைப் பிடித்திருக்கிறவரிடம் கூச்சப்படாமல் கேள். திட்டினால் திட்டட்டும், மறுநாளும் கேள்.

இன்னொன்று. உன் பெயரில் ஈபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (வேலை விபத்துக் காப்பு) கட்டுகிறார்களா என்று பார்த்தாயா? வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பலருக்குக் கட்டுவதில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017-இல் சட்டம் வந்து, சொக்சோவில் தனித் திட்டமே இருக்கிறது. முதலாளி கட்டவில்லை என்றால் அதில் நீ சேர முடியுமா என்று இந்த வாரமே கேள். கம்பம் ஏறுகிறவன் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேட்டுவிட்டு எனக்கு எழுது.