பதலோனாவின் ஜுவெந்துத்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானியக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ரிக்கி ரூபியோ 2025 கோடையில் தன் முதல் கிளப்பான ஜுவெந்துத்துக்குத் திரும்பியதை ஒட்டி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அதில் ஜுவெந்துத்தை ‘ஸ்பெயின் கூடைப்பந்தின் மூன்று தூண்களில் ஒன்று’ என்கிறீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. 1930இல் தொடங்கிய கிளப். இத்தனை வருடத்தில் நான்கு லீக் பட்டங்கள்தான். 1994இல் ஒரு ஐரோப்பியக் கோப்பை, அதுவும் இரண்டே புள்ளி வித்தியாசத்தில். 2008க்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் இல்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு இதை எப்படிச் சேர்ப்பது? உச்சத்துக்குப் போனவர்களால் ஏன் அங்கே நிற்க முடியவில்லை? பழைய ஆட்டங்களைப் பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான்கு பட்டங்கள் என்பது சரி. ஆனால் அவை எந்தெந்த வருடம் கிடைத்தன என்று பாருங்கள்: 1967, 1978, 1991, 1992. 1960 முதல் 1980 வரை ஸ்பெயின் லீக்கில் 21 பருவங்கள் நடந்தன. 19 பட்டங்கள் ரியல் மாட்ரிட்டுக்கு, மீதி இரண்டும் ஜுவெந்துத்துக்கு. பார்சிலோனாவுக்கு அந்த இருபத்தோரு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. 1967க்கும் 1978க்கும் நடுவில் மாட்ரிட் தொடர்ந்து பத்து முறை வென்றது. அந்த வரிசையின் இரு முனையிலும் நிற்பது பதலோனா அணி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய லீக் 1957இல் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட முதல் பிரிவிலிருந்து இறங்காத கிளப்புகள் இன்று இரண்டுதான்: ரியல் மாட்ரிட், ஜுவெந்துத். எஸ்துதியாந்தெஸும் இந்தப் பட்டியலில் இருந்தது, 2021இல் இறங்கிவிட்டது. பார்சிலோனா அறுபதுகளில் இரண்டாம் பிரிவில் ஆடிய அணி. ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்ற ஸ்பானிய கிளப்புகள் மூன்றே மூன்று, அதில் கால்பந்துக் கிளப்பின் கிளையாக இல்லாதது ஜுவெந்துத் மட்டும். நான் ‘தூண்’ என்று எழுதியது இவற்றை வைத்துத்தான். திரும்பப் பெறுவதாக இல்லை.

பதலோனா பார்சிலோனாவின் வடகிழக்கே, கடலோரம், ஒட்டிக்கொண்டிருக்கும் ஆலை நகரம். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த லிண்ட்பர்கின் விமானத்தின் பெயரைப் பின்பற்றி, ‘பென்யா ஸ்பிரிட் ஆஃப் பதலோனா’ என்று நண்பர்கள் கூட்டம் ஒன்று 1930இல் ஆரம்பித்த சங்கம் இது. ஜுவெந்துத் என்ற பெயர் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1940இல் வந்தது. உள்ளூர்க்காரர்கள் இன்றைக்கும் ‘லா பென்யா’ என்றுதான் சொல்கிறார்கள். சட்டை பச்சையும் கறுப்பும்.

அந்த நகரத்தில் கூடைப்பந்து எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எழுபதுகளின் கடைசியில் முதல் பிரிவில் பதலோனாவிலிருந்து இரண்டு அணிகள் ஆடின. ஒன்று ஜுவெந்துத், மற்றது சிர்கோல் கத்தோலிக். பின்னாளில் பார்சிலோனாவில் பட்டங்களாகக் குவித்த அயீத்தோ கார்சியா ரெனெசெஸ் கோச்சாக உருவானது அந்த இரண்டாவது கிளப்பில்தான். இரண்டு கிளப்புகளுக்கும் நடுவே ஒரு நல்ல பையன் யார் கண்ணிலும் படாமல் போகவே முடியாது. ஜுவெந்துத்தின் பலம் கஜானாவில் என்றைக்குமே இருந்ததில்லை, இந்த அடர்த்தியில்தான் இருந்தது.

இனி நீங்கள் ‘இரண்டே புள்ளி’ என்று ஒதுக்கிய 1994க்கு வருகிறேன். அதை 1992இலிருந்து தொடங்க வேண்டும்.

1991இல் லோலோ சாயின்ஸ் பயிற்சியில் பார்சிலோனாவைத் தோற்கடித்து லீக் பட்டம். அடுத்த வருடம் மாட்ரிட்டை வீழ்த்தி மறுபடியும் பட்டம். இடையில் 1992 ஏப்ரலில் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையின் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகளின் சுற்று. அரையிறுதியில் எஸ்துதியாந்தெஸை 91–69 என்று நொறுக்கினார்கள். ஃபைனலில் எதிரணி பெல்கிரேடின் பார்ட்டிசான். யூகோஸ்லாவியப் போரால் சொந்த ஊரில் ஆட முடியாமல், தன் ‘உள்ளூர்’ ஆட்டங்களை மாட்ரிட் அருகே ஃபுவென்லப்ராதாவில் ஆடி வந்த இளைஞர் அணி. அதன் கோச் ஜெல்கோ ஒப்ராடோவிச்சுக்கு 32 வயது, அதுதான் அவருக்கு முதல் பருவம். சில நொடிகளே மிச்சமிருக்க தோமாஸ் ஜொஃப்ரேசா கூடை போட்டார், ஜுவெந்துத் 70–68. பார்ட்டிசான் டைம் அவுட் கேட்கவில்லை. ஜோர்ஜெவிச் பந்தை வாங்கி, வலப்பக்க ஓரமாக ஓடி, நின்று நிதானிக்காமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். 71–70.

எங்கே பிசகியது? முன்னிலை பெற்ற மறுகணத்தில். கூடை போட்ட அணி பின்னே ஓடித் தன் ஆளைப் பிடிப்பதற்குள் எதிரணி பந்தை உள்ளே போட்டுவிட்டது. இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது விடக் கூடாதது மூன்று புள்ளி வீச்சு ஒன்றைத்தான். சமன் ஆனால் கூடுதல் நேரம் உண்டு, மூன்று போனால் கோப்பையே போயிற்று. அன்றைக்கு ஜோர்ஜெவிச்சை நடுக்கோட்டுக்கு முன்னாலேயே மறித்து வேகத்தைக் குறைக்க ஆள் இல்லை.

தன்னை வீழ்த்திய கோச்சையே ஜுவெந்துத் 1993இல் அழைத்து வந்தது. ஒப்ராடோவிச் அந்த அணியின் வேகத்தை முதலில் இறக்கினார். அப்போது ஒரு தாக்குதலுக்கு 30 வினாடி, இப்போதுள்ள 24 வினாடி விதி 2000இல்தான் வந்தது. பொறுமையுள்ள அணி ஒவ்வொரு முறையும் 25 வினாடிக்குமேல் பந்தைச் சுற்றிவிட்டு எறிந்தால், நாற்பது நிமிடத்தில் இரு தரப்புக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆள்பலத்தில் தாழ்ந்த அணிக்கு இது லாபம். வாய்ப்புகள் குறையக் குறைய, பணக்கார அணியின் மேன்மை தெரிய இடமில்லாமல் போகும்.

1994 ஏப்ரல் 21, டெல் அவிவ். அரையிறுதியில் பார்சிலோனாவை 79–65 என்று முடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஃபைனலில் ஒலிம்பியாகோஸ். ஏறக்குறைய இருபது வினாடி மிச்சம், கிரேக்க அணி 57–56 என்று முன்னால். கார்னி தாம்சன் மூன்று புள்ளி வீசினார், 59–57. அதற்குப் பிறகும் ஒலிம்பியாகோஸுக்கு வாய்ப்பு இருந்தது, பாஸ்பல்யின் ஃப்ரீ த்ரோ உள்ளே போகவில்லை. தாம்சன் பெரிய ஆள், கூடைக்கடியில் வேலை செய்பவர். அவரை அடைக்க வேண்டிய தடுப்பாளர் கூடையை விட்டு அவ்வளவு தூரம் வெளியே வரத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குள் எறிந்த பந்து அது. இதை அதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 59–57 என்பது ஒப்ராடோவிச் திட்டமிட்டே உண்டாக்கிய ஸ்கோர்.

ஏன் நிற்க முடியவில்லை என்பது உங்கள் கடிதத்தின் நல்ல கேள்வி. அந்தக் கோடையிலேயே ஒப்ராடோவிச்சை ரியல் மாட்ரிட் கொண்டுபோனது, 1995இல் அவர்களோடு அதே கோப்பையை வென்றார். பணம் எப்படி ஓடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் கூடைப்பந்தின் நஷ்டத்தைக் கால்பந்து ஈடுகட்டும். ஜுவெந்துத்துக்கு விளம்பரதாரர், டிக்கெட், நகராட்சி ஆதரவு, இவை மூன்றும்தான். அணியின் பெயருக்கு முன்னால் ஒட்டிய பெயர்களைப் பார்த்தாலே நிலைமை புரியும்: ரோன் நெக்ரித்தா, மோந்திகாலா, 7அப், ஃபெஸ்தினா, டிகேவி. ஒவ்வொரு பெயர் மாற்றமும் ஒரு வருமானம் நின்று இன்னொன்றைத் தேடிய காலம். 1992 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய 12,000 இருக்கைக்கு மேற்பட்ட அரங்கம் வேறு. ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் ஆடிய இடம்தான், ஆனால் இந்த ஊரின் சாதாரண லீக் ஆட்டத்துக்குப் பெரிது. பழைய ஆவுசியாஸ் மார்க் அரங்கத்தின் நெருக்கமும் இரைச்சலும் அங்கே வரவில்லை. பின்னால் ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான யூரோலீக் நீண்டகால உரிமம் என்ற முறைக்குப் போனபோது, ஸ்பெயினில் அது மாட்ரிட், பார்சிலோனா, பாஸ்கோனியா மூன்றுக்கும் கிடைத்தது. 1994இன் சாம்பியன் வெளியே நின்றது.

அப்படியும் பிழைத்திருப்பது இளையோர் அணிகளால். ரூபியோவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 அக்டோபரில், 15 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது ஏசிபி லீக்கில், அதாவது ஸ்பெயினின் முதல் பிரிவில், இறக்கினார்கள், அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. கோச் அதே அயீத்தோ. அடுத்த கோடையில் 16 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய ஃபைனலில் ரஷ்யாவுக்கு எதிராக ரூபியோ 51 புள்ளி, 24 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். 2008இல் ரூடி ஃபெர்னாண்டஸும் அவரும் சேர்ந்து ஸ்பெயினின் கோபா தெல் ரே கோப்பையையும் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யுலெப் கோப்பையையும் கொண்டுவந்தார்கள். யுலெப் ஃபைனலில் ஜிரோனா 79–54 என்று தோற்றது. அந்தக் கோடையிலேயே ரூடி அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் போர்ட்லாண்ட் அணிக்குப் போய்விட்டார்.

2009 என்பிஏ டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மினசோட்டா அணி ரூபியோவை ஐந்தாவதாக எடுத்தது. ஒப்பந்தத்தை முறிக்க ஜுவெந்துத்துக்குப் பல மில்லியன் தர வேண்டும். ஆனால் என்பிஏ விதிப்படி அணி தன் கையிலிருந்து தரக்கூடியது அப்போது சுமார் 5 லட்சம் டாலர், மிச்சத்தை ஆட்டக்காரரே தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு முதல் ஒப்பந்தச் சம்பளமே அதற்குள் கரைந்துவிடும். கடைசியில் பார்சிலோனா ஏறத்தாழ 37 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. உலகமே தேடிய ஆட்டக்காரர் பக்கத்து ஊர் எதிரியிடம் போனார். கிளப்புக்குக் கடன் அடைக்க அந்தப் பணம் தேவைப்பட்டது.

உள்நாட்டு விதியும் அதே திசையில்தான் இழுக்கிறது. ஏசிபியில் 12 பேர் பட்டியலில் குறைந்தது நான்கு பேர் ஸ்பானியப் பயிற்சியில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். நடைமுறையில் அப்படிப்பட்டவர்கள் அரிது, ஆகவே விலை ஏறியது, ஏறிய விலையைப் பெரிய கிளப்புகளால்தான் கொடுக்க முடிந்தது. 2023இல் ஜொயேல் பர்ரா பார்சிலோனா போனது இப்படித்தான். வளர்ப்பில் மிகக் கடினமான கட்டம் 18 முதல் 21 வயது வரை. ஜூனியரில் ராஜாவாக இருந்தவன் முதல் அணியில் பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிடுவான். அதற்காகத்தான் ஜுவெந்துத் பல வருடம் கீழ்ப்பிரிவு பிராத் கிளப்போடு இணைப்பு வைத்திருந்தது. வாரநாளில் முதல் அணியோடு பயிற்சி, வாரக்கடைசியில் பிராத்துக்காக முப்பது நிமிட ஆட்டம். இப்போது புது ஓட்டை: 2025 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். சரியாக அந்த வயதில் பையன் கிளம்பிவிடுகிறான். என்பிஏ போல முறிவுத் தொகைக்கு நிலையான ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை. இதைத்தான் நான் உண்மையான ஆபத்தாகப் பார்க்கிறேன்.

2018இல் கிளப் மூடுவிழா வரை போனது. கஜானா காலி, அணி கீழிறங்கும் இடத்தில். ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள், கடைசியில் கிரிஃபோல்ஸ் குடும்பத்தோடு தொடர்புள்ள ஸ்கிராண்டன் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. ஆடுகளத்தில் காப்பாற்றியவர்களில் முதல்வர் பருவத்தின் நடுவில் வந்த நிகோலாஸ் லாப்ரோவித்தோலா. அடுத்த பருவத்தில் அவர் ஏசிபியின் எம்விபி, அதாவது பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர். அதற்கடுத்த பருவத்தில் அவர் இருந்தது எங்கே என்று நீங்களே ஊகிக்கலாம்: ரியல் மாட்ரிட்.

பார்க்க வேண்டியவை: 1992 ஃபைனலில் கடைசி ஐந்து நிமிடம் போதும். 1994ஐ முழுதாகப் பாருங்கள், ஒவ்வொரு தாக்குதலிலும் ஜுவெந்துத் எத்தனை வினாடி எடுக்கிறது என்று எண்ணிக்கொண்டே. முதலில் சலிப்பாகத்தான் இருக்கும், இரண்டாம் பாதியில் ஒலிம்பியாகோஸ் பொறுமை இழப்பது தெரிய ஆரம்பிக்கும். ஜோர்டி வில்யகாம்பாவைத் தனியாகக் கவனியுங்கள். 1980 முதல் 1997 வரை இந்த ஒரே கிளப்புக்கு ஆடி, பிறகு 1999 முதல் 2017 வரை அதன் தலைவராக இருந்தவர். பிறகு 2008 யுலெப் ஃபைனலைப் பாருங்கள், 17 வயது ரூபியோவின் கைகள் எதிரணியின் பாஸ் வரும் பாதையில் எங்கே இருக்கின்றன என்பதற்காக.

அன்புடன்.