பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த இந்தக் குழி குழியான மரப்பலகை எதற்கு?

பல்லாங்குழி இல்லை. மாத்திரை உருட்டும் பலகையும் இல்லை. ஒரு முழத்துக்கும் குறைவான பலகை, ஒரு முனையில் கைப்பிடி, மேலே வரிசை வரிசையாகப் பொடிக் குழிகள், பாட்டி வீடு மார்த்தாண்டம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவல் போதும் எனக்கு. அது சக்கரப் பலகை. சக்கரம் என்பது உங்கள் பாட்டி ஊர் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் காசு. அந்தக் காசு எண்ணுகிற பலகை.

படத்தைப் பார்த்து எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, பழம்பொருள் வியாபாரியும் இல்லை. இதே பலகையை வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் முட்டாளாக இருந்தவன், அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீக வீடு தக்கலைக்குப் பக்கத்தில். 2009இல் பாகம் பிரித்தபோது பத்தாயத்துக்கு அடியிலிருந்து ஒரு மூட்டைச் சாமான் வெளியே வந்தது. சித்தப்பா பிள்ளைகள் வெண்கல உருளியையும் குத்துவிளக்கையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது ஒரு உடைந்த தராசு, இரண்டு நாழி, அப்புறம் இந்தப் பலகை. மொத்தம் 200 குழி. இது மருந்துப் பலகை, பூட்டனுக்கு வைத்தியம் தெரிந்திருக்கும் என்று எல்லார் முன்னாலும் நான்தான் அடித்துச் சொன்னேன். பூட்டனுக்குக் கருப்பட்டி வியாபாரம். வைத்தியத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

நாகர்கோவில் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தோம். கனமான பலா மரம், நன்றாகத் தட்டையாக உட்கார்ந்தது. என் மனைவி சமையல் மேடையில் போட்டு, சூடான பாத்திரம் இறக்கிவைக்க வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. நானே தினமும் அதில் குக்கர் இறக்கியிருக்கிறேன்.

2011இல் அப்பாவின் அக்கா, எங்கள் வழக்கில் மாமி, கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அப்போது வயது 82. கட்டு அவிழ்த்த மறுநாள் அடுக்களைக்குள் வந்தவர் அந்தப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது பாட்டாவுக்க சக்கரப் பலகைல்லா மக்கா! இதுக்க மேலயா குக்கர வச்சிருக்க?" பாட்டா என்றால் மாமியின் தாத்தா, எனக்குப் பூட்டன்.

நான் சொன்ன வைத்தியக் கதையைக் கேட்டு மாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள். அப்போது நான் ஒரு வங்கியில் கேஷியர். இருபது வருஷத்துக்கு மேல் காசு எண்ணியே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், காசு எண்ணுகிற பலகையில் குழம்புச் சட்டி இறக்கியிருக்கிறேன்.

மாமி ஒரு கை துவரம்பருப்பு எடுத்துப் பலகையில் கொட்டினார். கைப்பிடியை ஒரு கையிலும் எதிர்முனையை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினார். முறத்தில் புடைப்பது போலத் தூக்கிப் போடக்கூடாது, அசைத்தால் போதும். பருப்பு உருண்டு உருண்டு குழியில் உட்கார்ந்தது. பலகையைச் சற்றுச் சாய்த்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவ, மிச்சம் தட்டில் விழுந்தது. சில குழிகளில் இரண்டு ஏறிக்கொண்டன, பருப்பு காசு மாதிரித் தட்டை இல்லையே. காசு என்றால் அந்தக் கோளாறு வராது. குழியின் ஆழம் ஒரு காசின் கனத்துக்குத்தான் வெட்டியிருக்கும், இரண்டாவது காசு உட்கார இடம் கிடையாது. ஏதாவது குழி காலியாக இருந்தால் கறுப்பாகக் கண்ணில் படும். எல்லாம் நிறைந்திருந்தால் 200, எண்ணவே வேண்டாம். எங்கள் வங்கி இயந்திரம் இவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் வேலை செய்ததில்லை.

இப்படி ஒரு பலகை ஏன் தேவைப்பட்டது என்றால், காசு அப்படி. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, எடை அரை கிராம்கூட வராது. விரலால் எண்ணினால் பாதி தரை இடுக்குக்குள் போய்விடும். கஜானாவில், கோயிலில், கொஞ்சம் பெரிய கடைகளில் எல்லாம் பலகைதான். கணக்கும் நம் கணக்கு இல்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். எங்கள் பலகை ஒரு தடவை நிறைந்தால் 7 ரூபாயும் 1 பணமும். திருவிதாங்கூர் எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் பிரிட்டிஷ் ரூபாய், அதற்கு இருபத்தெட்டரை சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரத்துக்காக வியாபாரிகள் எவ்வளவு சண்டை போட்டிருப்பார்களோ.

மாமி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வெள்ளிச் சக்கரம் புழக்கத்தில் இல்லையாம். செப்புச் சக்கரம் வந்துவிட்டது. அது பெரிசு, இந்தக் குழியில் இறங்காது. பாட்டா ஒரு சுருக்குப் பையில் பழைய வெள்ளிச் சக்கரம் கொஞ்சம் வைத்திருந்து, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட மட்டும் பலகையை எடுப்பாராம். அந்தச் சுருக்குப் பை யார் பாகத்துக்குப் போனது என்று கேட்டேன். மாமி பேச்சை மாற்றிவிட்டார்.

இது மலையாளிகளின் பொருள், தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஐயா, 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தன. பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் எங்கள் தக்கலையில் நிற்கிறது, பார்த்துக்கொள்வது கேரள அரசு. நாங்கள் தமிழ் பேசிக்கொண்டேதான் சக்கரம் எண்ணினோம். சென்னையில் வீடு பார்க்கப் போனால் என் பேச்சைக் கேட்டு "நீங்க மலையாளியா சார்?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

காசு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். நான் கவுண்டரில் இருந்த கடைசி வருஷங்களில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டான். கடைக்காரர் வாங்கமாட்டார், கண்டக்டர் வாங்கமாட்டார், எல்லாம் மூட்டையாக என் மேசைக்கு வரும். 14 வடிவத்தில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே சொல்லியாயிற்று. அந்த அறிக்கையை அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி, எனக்கு நோட்டாவே குடுங்க" என்பார்கள். சர்க்கார் அடித்த காசை வேண்டாம் என்கிற ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சரி, உங்கள் பலகைக்கு வருகிறேன். குழியின் அடியைத் தடவிப் பாருங்கள். தட்டையாக, எல்லாம் ஒரே ஆழமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கிண்ணம் போலக் குழிவாக, பெரிதாக, வரிசைக்கு 7 வீதம் 14 இருந்தால்தான் பல்லாங்குழி. மாத்திரைக்குத் தட்டை அடி எதற்கு? எண்ணெய் பூசி, வெயில் படாமல் வையுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய சாமான் எடுக்கிறவர் வந்து "செல்லரிச்ச பலகை, நூறு ரூபாய் தர்றேன்" என்பார், கொடுத்துவிடாதீர்கள். குழிகளை எண்ணி எனக்கு ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன், பலகைக்குப் பலகை அந்தக் கணக்கு மாறும்.

எங்களுடையது இப்போது வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. நடுவில் குக்கர் சுட்ட வட்டம் அப்படியே இருக்கிறது. மாமி ஊருக்குக் கிளம்புமுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருகிய குழிகளை மட்டும் விரல் வைத்து எண்ணினார். 31.