நட்டுவாக்காலி பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்து வரப்பில் ஒரு பொந்து இருக்கிறது. எலிதான் என்று விட்டுவிட்டோம். மழை விட்ட ராத்திரி டார்ச் அடித்தால் வாசலில் கரேலென்று ரெண்டு இடுக்கி! வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்போவதாக நிற்கிறார்.
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: கேனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அது எலியில்லை, நட்டுவாக்காலி என்கிற பெரிய கருந்தேள். பகலில் போய் அந்தப் பொந்தின் வாயைப் பாருங்கள். எலிப்பொந்து என்றால் உருண்டையாக இருக்கும், இது அகலமாக, உயரம் கம்மியாக, படுத்த பிறை மாதிரி இருக்கும். தேளுக்கு உடம்பே தட்டை, அதுவும் இடுக்கியை விரித்துக்கொண்டு போக வேண்டுமே, அதற்கு அளவெடுத்துத் தைத்த வாசல் அது. சுரண்டித் தள்ளிய மண் புதுசாகக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தோண்டுகிறது என்றால், எல்லாம் ஈரத்துக்காகத்தான். மேலே பங்குனி வெயில் காய்ந்தாலும் பொந்தின் அடியில் மண் குளுகுளுவென்று இருக்கும். தண்ணீர் விஷயத்தில் தேளைப்போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது: ஓட்டின்மேல் மெழுகுப்பூச்சு, கழிவுகூட ஏறக்குறைய உலர்ந்த பொடிதான், தேவைப்படும் ஈரத்தில் பெரும்பகுதியை இரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். எப்படியென்றால், அது அலைவதே இல்லை. ராத்திரி வாசலில் வந்து உட்காரும், அவ்வளவுதான். கண் சுமார், ஆனால் காலில் உள்ள நுண்ணிய பிளவுகள் மண்ணில் வரும் அதிர்வைப் பிடித்துவிடும், கரப்பான் பக்கத்தில் நடந்தால் எந்தத் திசை என்றுகூடத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் தடதடவென்று நடந்து போனால் அவர் போய்ச் சேருமுன் வாசல் காலியாகிவிடும்!

நட்டுவாக்காலி பெரும்பாலும் இடுக்கியாலேயே இரையை நசுக்கிவிடும், கொடுக்கைத் தூக்குவது அபூர்வம். கொட்டினால் நன்றாக வலிக்கும், வீங்கும். பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. களை எடுக்கும்போது கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், அதன் பொந்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: தேள் குட்டிகள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், தாய் செத்துவிடும் என்று பாட்டி சொல்வார். நிஜமா?
- வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: இல்லை. தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும். வெள்ளை வெளேரென்ற குட்டிகள் முதல் தோல் உரிக்கும்வரை அம்மா முதுகில் மொய்த்துக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் தாயைத் தின்கிறது என்று கட்டிவிட்டார்கள். நட்டுவாக்காலிக் குட்டிகள் அதற்கப்புறமும் தாயோடு ஒரே பொந்தில் கொஞ்ச காலம் குடியிருக்கும்.

கேள்வி: தறிக்குழிக்குள் சின்னச் செந்தேள் ஒன்று கிடந்தது. அடித்துவிட்டோம். சின்னதுதானே, பயப்பட வேண்டுமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: சின்னது என்பதுதான் பயமே. இடுக்கி மெலிந்து, வால் தடித்திருந்தால் உஷாராக இருங்கள், ஏனென்றால் ஆயுதம் வாலில் இருக்கிறது. இந்தியச் செந்தேள் நம் நாட்டிலேயே ஆபத்தான தேள். அது நட்டுவாக்காலிபோல ஒரு பொந்தோடு நிற்காது, கல்லுக்கடி, ஓட்டுச்சந்து, செருப்பு என்று எங்கேயும் ஒண்டும். கொட்டியபின் உடம்பு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் நேரம் கடத்தக்கூடாது, குழந்தைகள் என்றால் அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, செந்தேள் கடிச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ராத்திரி தறிக்குழியில் கால் விடுமுன் கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை ஒருமுறை அடித்துப் பாருங்கள். தேள் இருந்தால் பச்சை நீலமாக மின்னும். புதுசாகத் தோல் உரித்தது மட்டும் மின்னாது, அதனால் சாதா டார்ச்சையும் ஒருமுறை அடித்துவிடுங்கள்.